கொம்பு கழன்ற புத்தகம்

சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் செசீலியா குடியிருந்த அடுக்குமாடியில் துணி துவைக்கும் அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். அதை மீறுவது அந்தக் கட்டிடத்தில் களவெடுப்பதைவிடக் கொஞ்சம்தான் சின்னக் குற்றம். செவ்வாய்க்கிழமை செசீலியாவின் நாள். அந்த அறையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அது மூன்றாம் மாடியில் இருந்த இர்மெலியின் நிலவறைக் கதவு. மற்றவர்கள் தங்கள் நிலவறையில் பனிச்சறுக்குச் சப்பாத்தும் பழைய சைக்கிளும் போட்டு வைத்திருந்தார்கள். இர்மெலி ஒரு பதிப்பகம் வைத்திருந்தார்.

செசீலியாவுக்கு அது நெடுநாள் தெரியாது. பின்லாந்துக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவர், எழுபதைத் தொட்டவர், படியில் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டு நின்றபோது செசீலியா தன்பாட்டில் எதையோ முணுமுணுத்தாள். பின்கதவு திறந்தது. ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு இர்மெலி வெளியே வந்தார்.

"செபம் சொல்கிறீர்களா?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"இல்லை. கவிதை."

"யாருடையது?"

செசீலியா கொஞ்சம் தயங்கினாள். மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நல்ல வேலை. எழுதுகிறவள் என்று வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. "என்னுடையது" என்றாள்.

இர்மெலி பெட்டியை நிலத்தில் வைத்தார். விரிப்பின் மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கள். எனக்கு விளங்காது. பரவாயில்லை."

இருவருமாக விரிப்பை மடித்தார்கள். மடித்து முடிகிறபோது கவிதையும் முடிந்தது. இர்மெலி சொன்னார், "மூன்றாவது வரியில் மூச்சு மாறியது. அங்கே என்ன நடக்கிறது?"

மூன்றாவது வரியில்தான் அந்தக் கவிதை திரும்பும். ஒரு சொல்லும் தெரியாத மனுஷி அதைக் காதால் பிடித்துவிட்டாரே என்று செசீலியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கே அவளை இர்மெலி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூரைவரை தட்டுகள், தட்டு நிறையப் புத்தகங்கள், ஒரு மேசை, ஒரு கணினி, காப்பி போடும் கேத்தல். பதிப்பகத்தின் பெயர் கைஸ்லா. பின்னிஷ் மொழியில் நாணல் என்று அர்த்தம்.

இர்மெலி சுவிசுக்கு வந்தது இருபத்து நாலு வயதில். பாடனில் இருந்த இயந்திரத் தொழிற்சாலையின் கடிதப் பிரிவில் வேலை பார்த்தார். வட நாடுகளுக்குப் போகிற கடிதமெல்லாம் அவர் கையால் போகும். அங்கேயே ஊலி என்ற வரைபடக்காரரைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. தொழிற்சாலைக்கு வந்துபோகும் பேருந்தை ஓட்டிய அல்பேனியர் ஒருவர் கவிதை எழுதுகிறவர் என்று ஒரு நாள் தெரியவந்தது. அவருடைய கவிதையை இந்த நாட்டில் யாரும் அச்சிட மாட்டார்கள், ஏனென்றால் அது இந்த நாட்டின் மொழி அல்ல. அவருடைய நாட்டிலும் அச்சிட மாட்டார்கள், ஏனென்றால் அவர் இங்கே இருக்கிறார். "அப்படியென்றால் நானே அச்சிடுகிறேன்" என்று இர்மெலி சொன்னார். ஊலி தன் நிலவறையைக் காலிசெய்து கொடுத்தார். இடது பக்கத்தில் அல்பேனிய மொழி, வலது பக்கத்தில் ஜேர்மன். அதுதான் கைஸ்லாவின் முதல் புத்தகம். அதன் பிறகு ஒரு போர்த்துக்கேயக் கன்னியாஸ்திரி, எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு சமையற்காரர், ஒரு குர்திஷ் பல்வைத்தியர் என்று வரிசையாக வந்தார்கள்.

"நீங்களும் எழுதுவீர்களா?" என்று செசீலியா கேட்டாள்.

"தினமும் எழுதுகிறேன். அச்சிடுவதில்லை." அத்தோடு இர்மெலி காப்பி ஊற்றப் போய்விட்டார்.

இனி 'நீ' என்றே கூப்பிட வேண்டும் என்று அன்று அவர் சொன்னார். ஜேர்மனில் செசீலியா அப்படியே கூப்பிட்டாள். ஆனால் அவளுடைய மனதுக்குள் அது 'நீங்கள்' என்றுதான் வந்தது.

தொகுப்பு உருவாக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மகள் எலேனா ஜேர்மனில் மொழிபெயர்த்தாள். இங்கே பிறந்தவள், சட்டம் படித்துவிட்டு ஆராவ் நகரில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் தமிழ் பாதி விளங்காமல் தொலைபேசியில் சண்டை பிடிப்பாள். இர்மெலி நடுவில் இருந்து ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்பார். கடவுள் ரிக்கெற் வாங்காமல் ரயிலில் ஏறி, பரிசோதகரிடம் பிடிபடுகிற கவிதை ஒன்று இர்மெலிக்கு நன்றாகப் பிடித்துப் போயிற்று. 'ரிக்கெற் இல்லாத தேவன்' என்று புத்தகத்துக்கு அவரே பெயர் வைத்தார்.

வெளியீட்டை ஆராவில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில், ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு வைத்தார்கள். அச்சகத்திலிருந்து பெட்டிகள் நேரே மண்டபத்துக்கு வந்து இறங்கின. சமையலறையில் ரோல்ஸ் பொரிகிற வாசம். செசீலியாவின் புருஷன் அருட்பிரகாசம் முதல் ஆளாகப் பெட்டியைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே திறந்தார்.

"இஞ்சேர், ஆர் இந்தத் தவேன்?"

"என்ன?"

"தவேன் எண்டு ஒரு ஆள் ரயில்லை ஏறுறார். நீ தேவனை எல்லோ எழுதினனீ?"

செசீலியா புத்தகத்தைப் பறித்துப் பார்த்தாள். அட்டை சரியாகத்தான் இருந்தது. உள்ளேதான் எல்லாக் கொம்பும் கழன்று போயிருந்தன. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பின்னால் போய், அடுத்த எழுத்தின் வாசலில் நின்றன. பெயர் 'பயெர்' ஆகியிருந்தது. செபம் 'சபெம்' ஆகியிருந்தது. வானத்தில் 'மகேம்' ஓடியது. அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கம்கூடத் தப்பவில்லை.

"நான் கடைசியாப் பார்க்கேக்க எல்லாம் சரியாத்தானே இருந்தது" என்றாள்.

அப்போதுதான் இர்மெலி பக்கத்தில் வந்து நின்றார். நீலச் சட்டை, கழுத்தடியில் வெள்ளி ஊசி. மகளைக் கட்டிக்கொடுக்கிற தாயின் முகம் அவருக்கு. "எழுத்தைக் கவனித்தாயா?" என்று கேட்டார். "உனக்குச் சொல்லாமல் கடைசி நாளில் மாற்றினேன். முந்திய எழுத்து தடிப்பாக, நாற்காலி மாதிரி இருந்தது. இது எப்படி வளைந்து நிற்கிறது பார். நீ திறந்து பார்க்கும்போது ஆச்சரியப்பட வேண்டும் என்று நினைத்தேன்."

செசீலியா ஆச்சரியப்பட்டுத்தான் நின்றாள். கணினியில் எழுத்துருவை மாற்றும்போது தமிழ் எழுத்துகள் இடம் பெயரலாம் என்று தமிழில் தட்டெழுதுகிற எல்லோருக்கும் தெரியும். இர்மெலிக்கு எப்படித் தெரியும்? அவருடைய கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் அழகாகத்தான் இருந்தன.

அருட்பிரகாசம் தமிழில் மெல்லச் சொன்னார், "இப்ப வாய் திறக்காதை. பாவம் அந்த மனிசி. எல்லாம் முடிஞ்சாப்பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"அப்பா, அது சரியில்லை" என்றாள் எலேனா. "தவராஜா சேர் இப்ப மேடையில புக்கைத் திறந்து பேசப் போறார். அவர் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போடுவார்."

அது உண்மை. தவராஜா ஆராவ் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர். நல்ல மனிதர். ஆனால் எழுத்துப் பிழையைக் கண்டால் தேவாலய அறிவிப்புப் பலகையையே சிவப்புப் பேனாவால் திருத்துகிறவர். செசீலியா இர்மெலியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

கடதாசித் துவாலை ஒன்றை எடுத்து, அதில் 'பெயர்' என்று எழுதினாள். பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து விரலால் காட்டினாள். இர்மெலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வளைவு முன்னால் வர வேண்டும்."

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் செசீலியா.

"எத்தனை பக்கத்தில்?"

"எல்லாப் பக்கத்திலும்."

இர்மெலி பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தார். அடுப்படியில் நின்ற பெண்கள் கரண்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் இவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று செசீலியா பயந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இர்மெலி குடித்தார். பிறகு பேசத் தொடங்கினார்.

"எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு புத்தகம் வந்தது. ஒரே ஒரு புத்தகம். எங்கள் ஊர்ப் பதிப்பாளர் போட்டார். 'நான் கண்டேன்' என்பதற்குப் பின்னிஷில் ஒரு சின்னச் சொல் உண்டு. அதில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் அதன் அர்த்தம் 'நான் படுத்தேன்'. என் கவிதைகள் எல்லாம் 'நான் கண்டேன்' என்றுதான் தொடங்கும். அச்சகத்தில் புள்ளி வைத்த எழுத்து போதாமல் போய்விட்டது. புள்ளி இல்லாததையே போட்டுவிட்டார்கள்."

செசீலியாவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "அப்படியென்றால்..."

"நான் ஏரியோடு படுத்தேன். நான் அப்பாவின் நண்பர்களோடு படுத்தேன்." இர்மெலி மூச்சு வாங்கினார். "நான் பாதிரியாரின் குதிரையோடு படுத்தேன்."

செசீலியா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடக்க முடியவில்லை, சிரிப்பு வெடித்துவிட்டது. ஐயோ, இந்த நேரத்தில் சிரிக்கிறேனே என்று வெட்கப்பட்டு நிமிர்ந்தால் இர்மெலியும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரச் சிரித்தார்.

"இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "பதிப்பாளருக்குப் பிழை தெரியும். கவிதையை யார் வாசிக்கப் போகிறார்கள், விடு என்று சொல்லிக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். ஊரே வாசித்தது. குதிரை சுகமா என்று வீதியில் கேட்டார்கள். அப்பா ரயில்வேயில் வேலை. ஒரு மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடம் நான் இங்கே வந்துவிட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். நான் அங்கேயே இருந்திருப்பேன்."

அவர் எழுந்து முகம் கழுவினார். வெள்ளி ஊசியைச் சரிசெய்தார். நேரே மண்டபத்துக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். தவராஜா ஏற்கெனவே மேடையில் புத்தகத்தைத் திறந்துவிட்டிருந்தார். அவருடைய புருவம் நெற்றியின் நடுவரை ஏறியிருந்தது.

"நான் இந்தப் புத்தகத்தின் பதிப்பாளர்" என்றார் இர்மெலி ஜேர்மனில். "உள்ளே தமிழ் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. அது கவிஞரின் பிழை இல்லை, அச்சகத்தின் பிழையும் இல்லை. கேட்காமல் நான் மாற்றினேன். பிழை என்னுடையது. இன்று ஒரு பிரதியும் வெளியே போகாது. இதை நான் திரும்ப அச்சிடுவேன்."

எலேனா பக்கத்தில் நின்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள், "புக்குக்குள்ள பிழை இருக்காம். அது அம்மான்ர பிழை இல்லையாம். இவ திரும்ப அடிச்சுத் தருவாவாம்."

தவராஜா தன் கையில் இருந்த உரையைப் பார்த்தார். "அப்ப நான் எதைப் பற்றிக் கதைக்கிறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எழுதின ஆள் இருக்கிறா தானே. அவவே வந்து சொல்லட்டும்!"

செசீலியா மேடைக்கென்று எதையும் தயார்செய்து வரவில்லை. மற்றவர்கள் பேசுவார்கள், தான் கடைசியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கலாம் என்று வந்தவள். ஆனால் கவிதைகள் மனதுக்குள் இருந்தன. விரிப்பு மடிக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகியவை. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"தேவன் ஓல்ட்டனில் ஏறினார்.
கையில் ஒன்றுமில்லை, காலில் ஈரம்.
ரிக்கெற் கேட்டவனிடம்
எங்கே போகிறாய் மகனே என்று கேட்டார்.
சூரிச் என்றான் அவன்.
நானும் அங்கேதான்,
நின்று களைத்திருப்பாய்,
வா, பக்கத்தில் இரு என்றார்."

யாரோ ஒருவர் சத்தமாக "ஆ!" என்றார். கைதட்டல் நின்ற பிறகு இன்னொன்று கேட்டார்கள். பிறகு இன்னொன்று. தமிழ் வாசிக்கத் தெரியாத இளம் பிள்ளைகள்கூடத் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். இர்மெலி முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மூச்சு மாறுகிற இடங்களில் மட்டும் அவருடைய தலை மெல்ல அசைந்தது.

கூட்டம் கலைந்தபோது இர்மெலி ஒவ்வொருவரின் கையிலிருந்தும் புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் போட்டார். தவராஜா மட்டும் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

அந்த மாதமே இர்மெலி தவராஜாவின் சனிக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். சின்னப் பிள்ளைகளின் கதிரை அவருக்குப் போதவில்லை. உயரமான கதிரை ஒன்று எடுத்துப் போட்டார்கள். "மொழி படிக்க எனக்கு ஆயுள் போதாது. எழுத்தைப் படித்தால் போதும்" என்று சொன்னார். தவராஜா வயதைப் பார்த்து விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"கொம்பு முன்னுக்கு, அரவு எண்ட கால் பின்னுக்கு, மிஸிஸ் இர்மெலி. திரும்ப எழுதுங்கோ."

அவர் திரும்ப எழுதினார். பேருந்திலும் எழுதினார். துணி துவைக்கும் அறையின் அட்டவணையில் தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்துவிட்டு, முதல் மாடிச் சுவிஸ்காரரிடம் ஏச்சு வாங்கினார்.

இரண்டாம் தடவை அச்சுக்குப் போகிறதற்கு முன் இருவரும் நிலவறையில் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் இர்மெலி விரலை வைத்தார். "முந்திய பக்கத்தில் இதே சொல்லுக்கு இரட்டைக் கொம்பு இருந்தது. இங்கே ஒற்றைதான் இருக்கிறது. இது வேறு சொல்லா?"

செசீலியா குனிந்து பார்த்தாள். வேறு சொல் இல்லை. அவளே விட்ட பிழை. இத்தனை பேர் பார்த்தும் தப்பிய பிழை. "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். இர்மெலி நாற்காலியிலிருந்து எழுந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

புத்தகம் உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்தது. கொம்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. நன்றாக விற்றும் போயிற்று. தன் அலுவலகத்தில் மூன்று பேர் அதை வாசித்துவிட்டு ரயிலில் பரிசோதகரைக் கண்டால் சிரிக்கிறார்கள் என்று எலேனா சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கையில், செசீலியா பின்கதவைத் தட்டினாள்.

"உங்கள் கவிதைகள் எங்கே?"

இர்மெலி கேத்தலைத் தேடினார். செசீலியா கேத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பதிப்பாளர் தன்னைத் தானே அச்சிடக் கூடாது" என்றார் இர்மெலி. "அது தன் கல்யாணத்துக்குத் தானே பாதிரியாராக நிற்கிற மாதிரி."

"அப்படியென்றால் நான் பாதிரியாராக நிற்கிறேன். நீங்கள் வந்து முழந்தாளிடுங்கள்."

இர்மெலி சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எல்லை மீறிக் கேட்டுவிட்டேனோ என்று செசீலியா அன்று முழுக்கச் சஞ்சலப்பட்டாள். அடுத்த வாரம் இர்மெலி பெரிய கடைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நாற்பத்தைந்து வருடத்துக் கவிதைகள். பாதிக்கு மேல் ஜேர்மனிலும் அவரே எழுதி வைத்திருந்தார்.

"பழைய புத்தகத்திலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டாம். அது செத்துப் போகட்டும்" என்றார். "மற்றது உன் பாடு."

செசீலியா ஒரு கோடை முழுக்க வாசித்தாள். கவிதைகள் அவள் நினைத்ததைவிட எளிமையாக இருந்தன: தொழிற்சாலைச் சங்கு, லிம்மாட் ஆற்றில் வாத்து, ஊலியின் சட்டையில் பென்சில் கறை, ஊலி போன பிறகு அதே சட்டை. சிலவற்றை வாசித்துவிட்டு அவள் வேலைக்குப் பிந்திப் போனாள். சிலவற்றை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இவை வேண்டாம்" என்று ஒருநாள் சொன்னாள். "இதிலே இந்த நீளக் கவிதை எட்டாவது வரியிலேயே முடிந்துவிட்டது. பிறகு சும்மா ஓடுகிறது."

"உனக்குப் பின்னிஷ் தெரியாது."

"தெரியாது. ஜேர்மனில் தெரிகிறது."

இர்மெலி கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனார். படியில் கண்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். "நீ அவவைக் கோபப்படுத்திப்போட்டாய்" என்றார் அருட்பிரகாசம். "பதிப்பிக்கிறதெண்டால் அப்பிடித்தான்" என்றாள் செசீலியா, உள்ளுக்குள் பயந்துகொண்டே.

அடுத்த செவ்வாய் பின்கதவு தானாகத் திறந்தது. இர்மெலியின் கையில் ஒரு தாள். எட்டாவது வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். "முப்பது வருடமாக இதை முடிக்கத் தெரியாமல் இருந்தேன்" என்றார். "அது முடிந்துதான் இருந்திருக்கிறது." பிறகு கேத்தலில் தண்ணீர் ஊற்றினார்.

அந்த வருடம் அச்சான இர்மெலியின் புத்தகத்தின் முன்பக்கத்தில் கைஸ்லாவுக்கு முதல் தடவையாக இரண்டு பதிப்பாளர்களின் பெயர் வந்தது. புத்தகத்தை இர்மெலி பேர்ண் நகரில் ஒரு சின்ன நூலகத்தில், அக்டோபர் மாதத்து மத்தியானம் ஒன்றில் வாசித்தார். முதல் புத்தகத்துக்காரரான அல்பேனியர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். போர்த்துக்கேயக் கன்னியாஸ்திரி வாழைப்பழக் கேக் கொண்டுவந்தார். அருட்பிரகாசம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். இர்மெலி பின்னிஷில் வாசித்தார், பிறகு ஜேர்மனில். செசீலியாவுக்குப் பின்னிஷ் விளங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கேட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் நல்ல வெயில். இர்மெலி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மீதிக் கேக்கை மடியில் வைத்தபடி ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார். எதிரே அருட்பிரகாசமும் தூங்கினார். செசீலியாவின் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். தூங்குகிறவர்கள் எழும்பாதபடி குரலைத் தாழ்த்தி எடுத்தாள்.

"வணக்கம்... நான் லவுசானில இருந்து கஜலக்சுமி கதைக்கிறன். நீங்கள்தானோ இந்தக் கவிதைப் புத்தகம் போடுற ஆக்கள்?" ஒரு பெண்ணின் குரல், ஓடிக்களைத்த மாதிரி. "நான் எழுதினது கொஞ்சம் இருக்குது. நல்லதோ கூடாதோ தெரியாது. ஒருத்தருக்கும் காட்டேல்லை."

இர்மெலியின் மடியிலிருந்து கேக் நழுவப் பார்த்தது. செசீலியா மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம், நாங்கள்தான்" என்றாள். "இப்ப ஒண்டு சொல்லுங்கோ, கேப்பம்."